இரண்டாம் அடுக்கு

கிம்மா சங்கத்தின் அலெக்சாந்திரியா கிளையில் ஒரு விதி உண்டு: யாரும் யாரிடமும் நுண்ணறிவு மதிப்பெண்ணைக் கேட்கக் கூடாது. அந்த விதியை இதுவரை யாரும் மீறியதில்லை. கேட்க வேண்டிய அளவுக்கு யாரும் யாரையும் காக்க வைத்ததில்லை. பல் மருத்துவர் வக்தி கை குலுக்கும்போதே தன் எண்ணைச் சொல்லிவிடுவார். வழக்கறிஞர் ஹுவைதா சற்று நாகரிகமானவள். "பரீட்சை அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் வேற" என்று ஆரம்பித்து, காய்ச்சலோடு வாங்கிய எண்ணில் வந்து முடிப்பாள்.

இவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் செயலாளராக இருந்தவள் தஹானி. நகரத்துக் குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். குழாய்த் தண்ணீரைச் சோதித்து, அதில் என்ன இருக்கிறதோ அதை எழுதுவாள். இல்லாததை எழுத மாட்டாள். ஐம்பது வயதைத் தாண்டிய அவள், விவாகரத்தான வருஷம் வீட்டுச் சுவர்களோடு பேசி அலுத்துப்போய், ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் நடந்த சங்கத்தின் நுழைவுத் தேர்வை எழுதினாள். நூறு பேர் எழுதினால் இரண்டு பேர் தேறுகிற தேர்வு அது. தேறினாள். தொண்ணூற்றெட்டுப் பேரைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிறவர்களோடு நல்ல பேச்சு கிடைக்கும் என்று அப்போது நினைத்திருந்தாள். கழிக்கப்பட்ட அந்தத் தொண்ணூற்றெட்டுப் பேரும் இந்நேரம் எங்கே உட்கார்ந்து எதைப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்களோ என்று பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை மாலைகளில் ஏங்கியிருக்கிறாள்.

சங்கத்தில் காரியங்களுக்குக் குறைவில்லை. மாதம் ஒரு சொற்பொழிவு நடக்கும். தனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது தரக்குறைவு. பல் மருத்துவர் அண்டவெளியைப் பற்றிப் பேசுவார், சுங்கத்துறைப் பொறியாளர் மகாரியூஸ் பறவைகளின் கனவுகளைப் பற்றிப் பேசுவார். நகரத்துப் போக்குவரத்து நெரிசலை ஒரே சமன்பாட்டால் தீர்க்கலாம் என்று நிரூபிக்க வந்த கணித ஆசிரியர், கடற்கரைச் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். பிரமிடுகளின் கணிதத்துக்கென்று ஒரு தனிக் குழு உண்டு. அதில் மூன்று பேர். மூவருக்குள்ளும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் கிளையின் பெருமை மாத விடுகதைதான். கிளைத் தலைவர் டாக்டர் ரவூஃப் சித்கி, இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தொடங்கி வைத்த வழக்கம் அது. கூட்டம் எங்கே என்று நேராகச் சொல்வதில்லை. வாட்ஸப் குழுவில் ஒரு புதிர் வரும். அவிழ்த்தவனுக்கு இடம் தெரியும்; அவிழ்க்காதவன் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். விடையை ஒருவரிடம் கேட்பது மானக்கேடு. சொல்வது அதைவிட மானக்கேடு.

இதனால் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. முப்பது பேர் வந்த கூட்டத்துக்கு இருபது பேர் வந்தார்கள், பிறகு பன்னிரண்டு, பிறகு ஐந்தாறு. விடை தெரியவில்லை என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், ஒருவர் வீட்டுக்குத் தமன்ஹூரிலிருந்து மைத்துனன் வந்துவிடுவான். வக்தியின் பெரியம்மா ஒருத்தி புதிர் கடினமாகும்போதெல்லாம் காலமாகிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கெய்ரோவிலிருந்து கடிதம் வந்தது. ஆண்டுக் கூட்டத்தில் குறைந்தது ஒன்பது உறுப்பினர்களாவது நேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை கலைக்கப்பட்டு கெய்ரோ கிளையோடு சேர்க்கப்படும். பார்வையிட ஒரு பிரதிநிதி வருவார்.

அலெக்சாந்திரியாக்காரனைக் கெய்ரோவுக்குக் கீழே வை என்பது, மீனைப் பார்த்து மரத்தில் ஏறு என்பது போல. குழு கொதித்தது. தஹானிக்கு அந்தக் கொதிப்பெல்லாம் இல்லை. அவளுக்கு வேறு கணக்கு இருந்தது. அந்தக் கூட்டத்தில் தலைவர் தேர்தலும் நடக்க வேண்டும். அவள் நிற்பதாக இருந்தாள். தலைவரான கையோடு விடுகதையை ஒழித்துக்கட்டுவது, நாலு பேர் நேரத்துக்கு வந்து, டீ குடித்து, மனிதர்களைப் போலப் பேசிவிட்டுப் போகும் ஓர் இடமாகச் சங்கத்தை ஆக்குவது. இவ்வளவுதான் திட்டம். இத்தனை வருஷம் இவர்களுக்காக உழைத்ததற்குக் கூலியாக அது ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தாள். பேசிச் சிரிக்க அவளுக்கு வேறு இடமும் இல்லை.

ஏழு உறுப்பினர்களைத் தனித்தனியே பார்த்து ஆதரவு கேட்டாள். ஏழு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஏழு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "எனக்கு விடுகதை ஒரு பிரச்சினையே இல்ல மதாம். மத்தவங்கதான் பாவம்."

ஆண்டுக் கூட்ட அறிவிப்பைச் செயலாளர்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. ரவூஃபுக்கு அது பிடிக்கவில்லை. போன் செய்தார்.

"கெய்ரோலேர்ந்து ஆள் வர்றான். இப்பதான் நம்ம தரத்தைக் காட்டணும். ஒரு அருமையான புதிர் வெச்சிருக்கேன், நாலு மொழி தெரிஞ்சாதான் அவிழ்க்க முடியும்."

"நாலு மொழி தெரிஞ்சவங்க எத்தனை பேர் டாக்டர் நம்மகிட்ட?"

"நான் இருக்கேன்."

"கூட்டத்துக்கு ஒன்பது பேர் வேணும்."

"சரி, நீங்களே போடுங்க. மதாம் தஹானி ஒரு விடுகதை போட்டு நானும் பார்க்கணுமே!" என்று சிரித்தார். "உங்க கையெழுத்து அழகு மதாம். அது எப்பவும் நான் சொல்றதுதான்."

அவள் போனை வைத்துவிட்டு எழுதினாள்: 'ஆண்டுக் கூட்டமும் தலைவர் தேர்தலும். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. கேம்ப் சீஸர், டிராம் நிலையத்துக்கு எதிரே, ஷம்மாஸ் காபிக்கடை, மாடி. அனைவரும் தவறாமல் வரவும்.'

குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை. எதற்கெடுத்தாலும் முந்நூறு வரி எழுதுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு முகவரியைப் பார்த்தால் அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். அது அவள் செய்த பிழை. இவர்களோடு இத்தனை காலம் பழகியவள் செய்திருக்கக் கூடாத பிழை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே கடல் பொங்கிக் கொண்டிருந்தது. குளிர்காலப் புயல்மழை. கடற்கரைச் சாலையில் அலை மதில் ஏறிக் குதித்தது. தஹானி ஆறரைக்கே ஷம்மாஸ் கடைக்கு வந்து, மாடியில் மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட வைத்தாள். கீழே கிழவர்கள் டோமினோக் கட்டைகளை அடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு, ஒவ்வொரு வசவுக்கும் ஒரு சிரிப்பு.

ஏழு மணிக்குச் சரியாகப் படியேறி வந்தவர் ரவூஃப். குடையை உதறிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "யாரும் வரலையா?"

"நீங்க வந்துட்டீங்களே."

"நான் வராம? நோட்டீஸ்ல போட்டிருக்கே!" உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "படிச்ச உடனே தெரிஞ்சு போச்சு. இதுல ஒண்ணும் இல்ல, வெறும் விலாசம். வேற யாராவது எழுதியிருந்தா ரெண்டு தரம் படிச்சிருப்பேன். நீங்க எழுதினதை எதுக்கு ரெண்டு தரம் படிக்கணும்?"

பின்னாலேயே கெய்ரோ பிரதிநிதி உஸ்தாஸ் பஹ்கத் வந்தார். குண்டு மனிதர், ஜலதோஷம், ஒன்பதரை ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரம். அவருக்கு இடத்தைத் தஹானியே போனில் சொல்லியிருந்தாள். சூடாக ஒரு ஸஹ்லப் பால் வரவழைத்து, கோப்பையில் மூக்கை வைத்து ஆவி பிடித்தார்.

"உங்க ஆட்கள் எங்க மதாம்?"

"வந்துடுவாங்க. மழை."

"கெய்ரோல இந்தத் தொல்லையே இல்ல. மேப்போட இடத்தை அனுப்பிடுவோம்."

"எல்லாரும் வந்துடுவாங்களா?"

"வருவாங்க. வந்து சண்டை போட்டுட்டுப் போவாங்க." தும்மினார். "எட்டரை வரைக்கும் பார்ப்பேன். ஒன்பது தலை இல்லேன்னா நான் எழுத வேண்டியதை எழுதிட்டுக் கிளம்பறேன். தேர்தல் கீர்தல் எதுவும் வேண்டாம், கெய்ரோவே இங்க ஒரு பொறுப்பாளரைப் போட்டுடும். டாக்டர் ரவூஃப் சம்மதிச்சிருக்காராமே?"

ரவூஃப் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். "பொறுப்பை யாராவது சுமக்கணும் இல்லையா?"

தஹானிக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதருக்குக் கிளை செத்தாலும் லாபம்தான். தேர்தலில் தோற்பதைவிட, கெய்ரோவின் கைப்பிள்ளையாக ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். காலி நாற்காலிகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்திப்பட்ட விதம், அறுவடைக்கு நிற்கிற வயலைப் பார்க்கிறவன் பார்வையாக இருந்தது.

ஏழே காலுக்குப் போன் அடித்தது. வக்தி. காற்று இரைச்சலில் கத்திப் பேசினார்.

"மதாம்! கோட்டைக்கு வந்துட்டேன்! கதவு பூட்டியிருக்கு! இதுவும் விடுகதையோட பகுதியா?"

"எந்தக் கோட்டை?"

"கெய்த்பே கோட்டை! வேற எந்தக் கோட்டை? சீஸர் காலத்து ரகசிய எழுத்துத்தானே? ஒவ்வொரு எழுத்தையும் மூணு இடம் தள்ளிப் படிச்சேன். முதல்ல ஒண்ணும் வரல. அப்புறம் பின்னாலேர்ந்து படிச்சேன். அப்பவும் வரல. உயிரெழுத்தை எல்லாம் தூக்கிட்டேன், அழகா வந்துது!"

"டாக்டர், அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. கேம்ப் சீஸர்ல ஷம்மாஸ் கடை. மாடி. நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன். வாங்க."

எதிர்முனையில் ஒரு கள்ளச் சிரிப்பு. "புரியுது, புரியுது. நீங்க சொல்ல முடியாது. விதி. அலை தலைக்கு மேல அடிக்குது மதாம், ஆனா நான் நகர மாட்டேன்!" வைத்துவிட்டார்.

அடுத்து மகாரியூஸ். அமைதியான குரல். "மதாம், நான் ரோமானிய அரங்கத்துல, வேலிக்கு வெளியே நிக்கிறேன். காவலாளி என்னைப் போகச் சொல்றான். போகட்டுமா?"

"போங்க மகாரியூஸ். போய் இங்க வாங்க."

"இங்கன்னா?"

"நோட்டீஸ்ல போட்ட இடம்."

"அங்கதான் நிக்கிறேன். சீஸர்னா ரோம். மாடின்னா படிவரிசை. ஏழு மணின்னா ஏழாவது வரிசை. இருட்டுல எண்ணிட்டேன், வேலி வழியா." கொஞ்சம் நிறுத்தி, பணிவாகச் சொன்னார்: "ரொம்ப லேசா போட்டுட்டீங்க."

ஹுவைதா டிராம் பாதையின் கோடியில் இருந்தாள், விக்டோரியாவில். "எதிரேன்னு போட்டிருக்கீங்க. எதிரேன்னா எதிர்முனைன்னு அர்த்தம், ஒரு வக்கீலுக்கு இது தெரியாதா? இங்க ஒரு காபிக்கடை இருக்கு, ஆனா மாடி இல்ல. கடைக்காரன்கிட்ட மாடி எங்கன்னு கேட்டேன், என்னை ஒரு மாதிரி பார்க்கறான்."

"ஹுவைதா, கண்ணு, நான் சொல்றதைக் கேளு. இங்க வா. டாக்டர் ரவூஃப்கூட இங்கதான் இருக்கார்."

"ரவூஃப் அங்கயா?" அவள் குதூகலித்துப் போனாள். "அப்ப அது சத்தியமா தப்பான இடம்! அவரைக் கவிழ்க்கத்தானே போட்டீங்க? பலே மதாம், உங்களுக்குள்ள இவ்வளவு விஷமா!"

இரண்டு மென்பொருள்காரர்கள் ஒரு பூங்கா வாசலில் நனைந்துகொண்டிருந்தார்கள். கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர் நட்சத்திரங்களை வைத்துக் கணக்குப் போட்டு, மேகம் மறைத்ததால் மேலே கணக்கு ஓடாமல் காரில் உட்கார்ந்திருந்தார். கணித ஆசிரியருக்கு மூன்று விடைகள் கிடைத்திருந்தன. மூன்றுக்கும் நடுவே சமதூரத்தில் ஒரு வாகன ரிப்பேர்க் கடை வாசலில் நின்றார்.

எல்லோரிடமும் அவள் முகவரியைச் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள், கெஞ்சிச் சொன்னாள், கடைசியில் திட்டியும் சொன்னாள். எவ்வளவு தெளிவாகச் சொன்னாளோ அவ்வளவு உறுதியாக அவர்கள் நம்ப மறுத்தார்கள். செவிடன் காதில் ஊதிய சங்காவது சும்மா போகும். இவர்கள் காதில் ஊதினால் ராகத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பார்கள்.

ரவூஃப் ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்பை முடித்து விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பார்த்தீங்களா? தலைமைன்னா சும்மா இல்ல. நான் போட்ட விடுகதைக்கு அஞ்சு பேராவது ஒரே இடத்துக்கு வந்தாங்க."

பஹ்கத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டாகப் பத்து நிமிடம்.

தஹானி ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே டிராம் நிலையம், மேலே விளக்கு, விளக்கின் கீழே பெயர்ப்பலகை. கைநாட்டுக்காரன்கூட யாரையாவது கேட்டுக்கொண்டு வந்து இறங்கிவிடுவான். இத்தனை வருஷமும் தான் யாருக்காக நாற்காலி போட்டுவந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. குழாயடியில் பாசியைப் பார்க்கிற அருவருப்புத்தான் வந்தது. எழுந்து போய்விடலாம். கிளை ஒழியும். ரவூஃப் ஆயுள் முழுக்கப் பொறுப்பாளராக இருப்பார். அவள் வீட்டுக்குப் போய்ச் சுவர்களோடு பேசலாம்.

போனை எடுத்துத் தட்டச்சு செய்தாள்.

"என்ன எழுதறீங்க?" என்றார் ரவூஃப்.

"குறிப்பு."

"எதுக்குக் குறிப்பு? விடுகதையே இல்லையே!"

"இல்லாததுக்குத்தான் டாக்டர் குறிப்பு வேணும்."

அவள் அனுப்பியது இது: 'முதல் அடுக்கை அவிழ்த்தவர்களுக்கு வாழ்த்துகள். அது தூண்டில். இரண்டாம் அடுக்கைக் கண்டவர்கள் எட்டரைக்குள் இங்கே இருப்பார்கள். இனிக் குறிப்பு கிடையாது.'

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். இல்லாததை எழுதியது அதுதான் முதல் தடவை.

எட்டே காலுக்குப் படியில் காலடி கேட்டது. மகாரியூஸ், சொட்டச் சொட்ட. நேராக வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அடுத்து ஹுவைதா டாக்ஸியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். மென்பொருள்காரர்கள், கேப்டன், கணித ஆசிரியர். கடைசியாக, எட்டரைக்கு ஒரு நிமிடம் இருக்கையில், வக்தி. ஒரு காலில் செருப்பில்லை, அலை கொண்டுபோய்விட்டிருந்தது.

"மேற்பரப்பு!" என்று கத்திக்கொண்டே வந்தார். "மேற்பரப்புலயே ஒளிச்சு வெச்சுட்டீங்க! மேதைகளுக்குக் கடைசியாத்தான் கண்ணுல படும்னு தெரிஞ்சு! மதாம், எத்தனையோ புதிர் பார்த்திருக்கேன், இது மாதிரி ஒண்ணு பார்த்ததில்ல!"

"நான் முக்கால் மணி நேரம் முன்னாடியே கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள் ஹுவைதா. "உறுதிப்படுத்திக்கத்தான் விக்டோரியாவுல நின்னேன்."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒவ்வொருவரும் ஒரு வழியில் இரண்டாம் அடுக்கை அடைந்திருந்தார்கள். ஒருவர் வழி இன்னொருவருடையதைப் பொய்யாக்கியது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கீழே டோமினோ ஆடிய கிழவர்களில் ஒருவன் படியில் எட்டிப் பார்த்து, "கல்யாணமா பாஷா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

பஹ்கத் தலைகளை எண்ணினார். ஒன்பது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "கிளை பிழைச்சுது. சீக்கிரம் தேர்தலை முடிங்க, ரயில் போயிடும்" என்றார்.

ரவூஃப் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "நண்பர்களே, ஒரு நிமிஷம். இது மோசடி. விடுகதைன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. இவங்க வெறும் விலாசத்தை எழுதினாங்க. நான் வெறும் விலாசமாப் படிச்சேன், ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தேன். முதல் அடுக்கும் இல்ல, ரெண்டாவதும் இல்ல. உங்க எல்லாரையும் முட்டாளாக்கிட்டாங்க!"

பேச்சு நின்றது. உண்மையைத்தான் சொல்கிறார் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு தஹானி காத்திருந்தாள்.

முதலில் சிரித்தது கேப்டன். "அப்ப நீங்க அவிழ்க்கவே இல்ல. தற்செயலா வந்து சேர்ந்திருக்கீங்க."

"தற்செயல் இல்லய்யா! எழுதியிருந்ததைப் படிச்சேன்!"

"அதைத்தான் சொல்றேன். வெறுமனே படிச்சிருக்கீங்க."

"வயசாயிட்டா அப்படித்தான் டாக்டர்" என்றாள் ஹுவைதா, கனிவாக. "ஆழம் தெரியாம போயிடும்."

ரவூஃப் பஹ்கத்தைத் திரும்பிப் பார்த்தார். "உஸ்தாஸ், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இடம் எப்படித் தெரிஞ்சுது?"

"மதாம் போன்ல சொன்னாங்க. ஷம்மாஸ் கடை, ஏழு மணின்னு."

"கேட்டீங்களா!"

"அவர் போட்டியாளர் இல்லையே" என்றார் மகாரியூஸ். "விருந்தாளிக்கு எப்பவும் விடையைத்தான் சொல்லுவாங்க."

வாக்கெடுப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எட்டுக் கைகள் தஹானிக்கு. அதில் ஒன்று அவளுடையது. ரவூஃப் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கை தட்டல் முடிந்ததும் அவள் எழுந்தாள். இந்தத் தருணத்துக்கான வாக்கியத்தை மாதக்கணக்காகத் தயார் செய்து வைத்திருந்தாள்.

"நன்றி. எனக்கு ஒரே ஒரு தீர்மானம்தான். இனிமே மாத விடுகதை கிடையாது. கூட்டம் எங்க, எப்பன்னு நேரா எழுதிடுவோம். எல்லாரும் வரலாம்."

வக்தி மேசையைக் குத்தினார். "ஆகா! விடுகதையே இல்லேன்னு அறிவிச்சுட்டா எவனுக்குச் சந்தேகம் வரும்? இன்னிக்கு மாதிரியே!"

"இல்ல டாக்டர். நிஜமாவே நேரா."

"நேரா" என்று மென்பொருள்காரர்களில் ஒருவன் திருப்பிச் சொன்னான், கண்ணடித்தபடி.

"நான் வழிமொழியறேன்" என்றாள் ஹுவைதா. "இனி எல்லா அறிவிப்பும் மதாம் தஹானி பாணியில் இருக்க வேண்டும், அப்படின்னு எழுதிக்கலாமா?"

தஹானிக்கு அவர்கள் தன்னிடம் தனித்தனியே சொன்னது ஞாபகம் வந்தது. மற்றவர்கள் பாவம் என்று இரங்கிய ஏழு பேரும் அப்போது மலர்ந்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள் போல இருந்தார்கள். அவர்களுக்கு விடுகதை ஒழிய வேண்டும் என்ற ஆசை என்றுமே இருந்ததில்லை. தங்களால் அவிழ்க்கக்கூடிய விடுகதை ஒன்றுக்குத்தான் ஏங்கியிருக்கிறார்கள்.

"சரி, கேளுங்க" என்றாள். குரல் அவளுக்கே உலர்ந்து கேட்டது. "டாக்டர் ரவூஃப் சொன்னது உண்மை. அதுல ஒண்ணுமே இல்ல. நான் எழுதினது விலாசம். அப்புறம் அனுப்பின குறிப்பு பொய்."

மழை கண்ணாடியில் அடித்தது. மகாரியூஸின் உதடுகள் மெல்ல அசைந்தன. பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"மூணாவது அடுக்கு" என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. பஹ்கத் ரயிலுக்கு ஓடினார். ஷம்மாஸ் கடைப் பையன்கள் நாற்காலிகளைக் கவிழ்க்கும் வரைக்கும் அவர்கள் உட்கார்ந்து மூன்றாவது அடுக்கைப் பற்றி வாதிட்டார்கள். தஹானியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. படைத்தவனிடம் விளக்கம் கேட்பது மானக்கேடு அல்லவா?

அவள் கீழே இறங்கியபோது கடை வாசல் கூரையின் கீழ் ரவூஃப் நின்றுகொண்டிருந்தார். குடை கையில் இருந்தது, விரிக்கவில்லை. வசை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாள். அந்த நகரத்தில் அன்றைக்கு அவள் எழுதியதைப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

"மதாம்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "ஏழு பேர். ஏழு பேரும் தப்பாவா இருப்பாங்க?"

டிராம் வருகிறதா என்று அவள் பாதையைப் பார்த்தாள்.

"மகாரியூஸ் லேசுப்பட்ட ஆள் இல்ல. அந்தக் கேப்டன்கூட..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "மறைக்காம சொல்லுங்க. அதுல ஏதாவது இருந்துதா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஏதோ ஒண்ணு... நான் பார்க்காம விட்டது?"

இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார். இருந்தது என்று சொன்னால் செத்துப்போவார். தஹானி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். நனைந்த கால்சட்டை, நரைத்த மீசையில் பஸ்பூஸாவின் துணுக்கு, முகத்தில் தேர்வு மண்டபத்துப் பையனின் பயம். இவரையா இத்தனை வருஷம் வெறுக்கப் பாடுபட்டோம் என்று இருந்தது.

"யோசிச்சுப் பாருங்க டாக்டர்" என்றாள். "உங்களுக்கு வராததா?"

டிராம் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தபோது, ரவூஃப் போனை எடுத்து வெளிச்சத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு அந்த அறிவிப்பை முதல் வார்த்தையிலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தார். விரலால் எழுத்துகளை எண்ணுவது தெரிந்தது.